சுவருக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

குழாயிலிருந்து விழுந்த தண்ணீரை மீன்காரர் உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தது. முதல் தடவை மூக்குதான் தப்பு செய்திருக்க வேண்டும் என்பதுபோல இன்னொரு கை அள்ளி முகர்ந்தார்.

"என்னங்க, காலங்காத்தால?" என்றாள் மனைவி. தீவன வாளியோடு தொட்டிக்கு மறுபக்கம் நின்றிருந்தாள்.

"நாறுது."

"மீன் தொட்டித் தண்ணி, பின்ன பன்னீராட்டமா மணக்கும்?"

"இது தொட்டித் தண்ணி இல்ல. தம்பி பக்கத்துலேர்ந்து திரும்பி வர்ற தண்ணி. சுத்தமா வரணும். நான் அனுப்பின அழுக்கு அப்படியே வருது. மீனைப் பாரு, எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது."

அவள் மீனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் பல வகை உண்டு. இது, 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வகை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த பண்ணை அது. தொட்டிகளில் திலாப்பியா மீன். மீன் கழிவு கலந்த தண்ணீர் குழாய் வழியே கீரைப் பாத்திகளுக்குப் போகும். மண் கிடையாது, உரம் கிடையாது. வேர்கள் தண்ணீரில் தொங்கிக்கொண்டு அந்தக் கழிவைத் தின்று வளரும். அப்படிச் சுத்தமான தண்ணீர் மீனுக்கே திரும்பி வரும். மீனும் லெட்யூஸ் கீரையும் ஒரே ஹோட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தன. "இதுல ஒருத்தர் தயவு இல்லாம ஒருத்தர் இருக்க முடியாது, அதுதான் இந்தத் தொழில்ல அழகு" என்று தம்பி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

பெயர்ப்பலகை எழுத வந்த ஓவியர்தான் கேட்டார், மீனை மேலே போடுவதா, இலையை மேலே போடுவதா என்று.

மீன் இல்லாவிட்டால் இலை ஏது என்றார் அண்ணன். இலை இல்லாவிட்டால் மீன் தன் அழுக்கிலேயே மல்லாந்து மிதக்கும் என்றான் தம்பி. ஓவியர் டீ குடித்தார், மதியச் சாப்பாடு சாப்பிட்டார், பிறகு தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். பலகை காலியாகவே நின்றது. சண்டை மட்டும் வளர்ந்தது. யார் சட்டையை யார் போட்டுக் கிழித்தது, யாருக்கு அப்பா சைக்கிள் வாங்கித் தந்தார் என்பதெல்லாம் அதற்குள் வந்து சேர்ந்துகொண்டன. கடைசியில் மாமா வந்து பாகம் பிரித்தார். மீன் மூத்தவருக்கு, கீரை இளையவனுக்கு. நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். தெரு அன்றிலிருந்து ஒருவரை மீன்காரர் என்றும் மற்றவனைக் கீரைக்காரன் என்றும் அழைக்க ஆரம்பித்தது.

"தண்ணியில மட்டும் பிரிவினை கிடையாது" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். சுவருக்கு அடியில் போகிற குழாய் ஒன்று, வருகிற குழாய் ஒன்று. அதைச் சொல்லிவிட்டு அவர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு வெகுநேரம் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"வர்ற குழாயை அடைச்சுட்டு ஒரு வடிகட்டி வாங்கி மாட்டுங்க" என்றாள் மனைவி.

மீன்காரர் குழாய் வாயருகே குந்தினார். அந்த இடத்தில் தண்ணீர் விழும் சத்தம் அவருக்குப் பழகியிருந்தது. வேலை இல்லாத பொழுதெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். யோசித்தால், அந்தச் சத்தம் ஒன்றுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரிடம் வந்துகொண்டிருந்தது.

"அதையும் அடைச்சுட்டா அப்புறம் எங்களுக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

"இப்ப மட்டும் என்ன இருக்கு? நாத்தம்தான் இருக்கு."

மாமாவைத் தூது அனுப்பினார். மாமா சுவரைச் சுற்றிப் போய்விட்டு, செருப்பைக் கழற்றாமலேயே திரும்பி வந்தார்.

"அவன் வேற மாதிரி சொல்றான் மாப்ளே. நீ வேணும்னே சத்தில்லாத தண்ணிய அனுப்புறியாம். கீரையெல்லாம் வெளுத்துப்போச்சாம்."

"சத்தில்லாத தண்ணியா? இதுவா? மாமா, நீங்களே மோந்து பாருங்க."

"எனக்கு எதுக்குடா அது" என்று மாமா இரண்டடி பின்வாங்கினார். "ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மீன்காரர் அன்று முழுக்க யோசித்தார். தம்பியின் கீரை வெளுத்ததில் முதலில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. பிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. சரி, அவனுக்குச் சத்துதானே வேண்டும், கொடுத்துவிடுவோம் என்று தீவனத்தை இரட்டிப்பாக்கினார். கோபத்தில் செய்தாரா பாசத்தில் செய்தாரா என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மீன்கள் தின்றன. தின்றதற்கு ஏற்றபடி கழித்தன. தண்ணீர் பழைய டீ போல ஆயிற்று. திரும்பி வந்த தண்ணீரும் அதே நிறம். மீன்களின் செவுள் சிவந்து, காற்றுக்கு ஏங்கி ஏங்கி மேற்பரப்பில் வாய் வைத்தன.

"தொடவே இல்ல அவன்" என்றார் மீன்காரர். "பாத்திக்கே விடாம, வந்ததை அப்படியே திருப்பி விட்டிருக்கான். நான் கொடுத்தது அவனுக்கு வேண்டாமாம்."

"கல்யாண வீட்ல மொய் திருப்பின மாதிரி பேசறீங்க. அது மீன் கழிவு."

"கழிவா இருந்தாலும் நான் கொடுத்தது."

மறுநாளிலிருந்து தீவனத்தை அடியோடு நிறுத்தினார். கழிவே இல்லாவிட்டால் அழுக்கும் வராது, தம்பிக்கும் புத்தி வரும். தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் பசித்த மீன்கள் ஒன்றின் வாலை ஒன்று கடிக்க ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரர் வந்தார். அவர் வலையில் ஒரு மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துடுப்பு கிழிந்த கொடி மாதிரி தொங்கியது.

"ஒண்ணை ஒண்ணு கடிச்சு வெச்சிருக்கு. உங்க குடும்பத்து மீன்னு எழுதி ஒட்டவே வேண்டாம்."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"சுவருக்கு அந்தப் பக்கம் போனா கீரை காகிதமா வெளுத்துக் கிடக்கு" என்றார் ஹோட்டல்காரர். "நான் யாருக்கும் பரிஞ்சு பேசல. இந்த மாசக் கடைசியில வருவேன். மீன் மீனா இருந்தா எடுத்துக்கிறேன். இல்லைன்னா வேற இடம் பார்த்துக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

அவர் போன பிறகு மீன்காரர் தொட்டிகளைச் சுற்றி நடந்தார். அந்த ஹோட்டலை விட்டால் வேறு வாடிக்கை இல்லை. இந்த மீன்கள் போனால் பண்ணை போயிற்று. பண்ணை போனால் சுவருக்கு இந்தப் பக்கம் அவருக்கும், அந்தப் பக்கம் தம்பிக்கும் இருக்கக் காரணமே இல்லை.

கடிபட்ட இடங்களில் வெள்ளையாகப் பஞ்சுபோல் பூஞ்சை பிடித்தது. அதற்கு உப்பு போட வேண்டும். மீன் உப்பைத் தாங்கும். கீரை தாங்காது. உப்பு மூட்டையைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு மீன்காரர் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மறுபடி மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

"மாமா, நான் உப்பு போடப்போறேன். கொஞ்ச நாளைக்கு அவன் பக்கத்து வால்வை மூடிக்கச் சொல்லுங்க. கீரை செத்துடும்."

மாமா போனார், வந்தார்.

"என்ன சொன்னான்?"

"எனக்கு யாரும் உத்தரவு போட வேண்டாம்னான்."

"உத்தரவு இல்ல மாமா. அவன் கீரைக்காகத்தான்."

"அதையும் சொன்னேன். அப்பா எனக்கு சைக்கிள் வாங்கித் தரலைங்கிறான். எனக்குத் தலை சுத்துது, நான் வீட்டுக்குப் போறேன்."

மீன்காரர் உப்பைக் கொட்டினார். ஒவ்வொரு சட்டியாகக் கொட்டும்போதும் சுவரைப் பார்த்தார். சற்று நேரத்தில் குழாய் வழி திரும்பி வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. வால்வை அவன் மூடவில்லை.

அந்த வாரமே செய்தி வந்தது. தம்பியின் பாத்திகளில் கீரை மொத்தமும் பட்டுப்போய்விட்டதாம். வேரோடு பிடுங்கிக் குப்பையில் கொட்டிக்கொண்டிருக்கிறானாம்.

மீன்காரர் சாப்பிடவில்லை. மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

"நான் கொன்னுட்டேன்" என்றார் கடைசியில்.

"கீரையைத்தானே."

"அவன் கீரை."

"அப்ப போய்ப் பேசுங்க. இந்த வாசல்லேர்ந்து அந்த வாசல் வரைக்கும் நடந்தா போதும். நான் வேணும்னா கூட வர்றேன்."

அவர் எழுந்து வாசல் வரை போனார். தம்பியின் கதவு தெரிந்தது. செருப்பை மாட்டினார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தார். உப்பு என்று ஆரம்பிக்கலாமா, தம்பி என்று ஆரம்பிக்கலாமா. செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலக் குழாய் வாயருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் மீன்கள் சாக ஆரம்பித்தன. புண் உப்புக்கும் ஆறவில்லை, அதன்மேல் ஊற்றிய நீல மருந்துக்கும் ஆறவில்லை. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. குழாயில் வந்த தண்ணீர் மங்கிய நீலமாக, உப்பும் நாற்றமுமாக இருந்தது. இன்னதென்று சொல்ல முடியாத வேறு ஏதோ ஒன்றும் அதில் இருப்பதாக மீன்காரருக்குத் தோன்றியது.

"எதையோ கலக்குறான்" என்றாள் மனைவி.

"கலக்கட்டும்."

"என்னது?"

"நான் அவன் கீரையைக் கொன்னேன். அவன் என் மீனைக் கொல்றான். கணக்கு சரிதானே." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஒரு விதத்துல பாத்தா, இத்தனை நாள் கழிச்சு இப்பதான் அவன் எனக்குப் பதில் சொல்றான்."

மனைவி வாளியைக் கீழே வைத்தாள். தொட்டிகளில் கடைசித் தொட்டியில் மட்டும் கொஞ்சம் மீன் நீந்திக்கொண்டிருந்தது. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

"உங்க பதிலையும் அவர் பதிலையும் நீங்க ரெண்டு பேரும் வெச்சுக்கங்க. இந்தத் தொட்டி எனக்கு வேணும். நாளைக்கு அந்தக் குழாயை அடைக்கிறோம்."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. குழாய் வாயில் கையை நீட்டி, விரல்களின்மேல் தண்ணீர் ஓட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருடைய கையையோ பிடித்துக்கொண்டிருப்பவர் போல இருந்தது.

மறுநாள் பிளம்பர் வந்தார். பாகம் பிரித்தபோது குழாய் வேலை பார்த்தவர் அவரேதான். தோள்பையை இறக்கி வைத்துவிட்டு, செத்த மீன் வாளியைத் தாண்டி வந்து சுவரைப் பார்த்தார்.

"எதை அடைக்கணும் அண்ணே?"

மீன்காரர் குழாய் வாயைக் கைகாட்டினார்.

"என் தம்பி பக்கத்துலேர்ந்து வர்ற குழாயை."

பிளம்பர் அவரையும் அவர் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரடியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"அப்படி ஒரு குழாயே கிடையாதே அண்ணே, சுவருக்கு அஸ்திவாரம் தோண்டினப்பவே ரெண்டு குழாயும் உடைஞ்சு போச்சு, நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னீங்க, யாரைக் கேக்கிறதுன்னு தெரியாம அந்தந்தப் பக்கத்துக் குழாயை அந்தந்தப் பக்கமே வளைச்சு விட்டுட்டேன், அன்னையிலேர்ந்து உங்க தண்ணிதான் உங்களுக்குச் சுத்தி வந்துக்கிட்டு இருக்கு."