அம்மா அழுத பாட்டை எடுத்துவிடு

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு,

சிலமலையிலிருந்து அப்பா மொக்கச்சாமி எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். மரியாதைக்கு எழுதுகிற வரி இல்லை இது. ஊரில் வேறு பேச்சு நடந்துவிட்டதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். சென்னையில் நீயும் மருமகள் சுசித்ராவும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

உன் புது ஆல்பம் வந்தது. இத்தனை வருசம் கூட்டாளிகளோடு சேர்ந்து ராப் பாடினாய், ஊர் நியாயமெல்லாம் கேட்டாய், வந்த திட்டும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்தது. இப்போது தாடி நரைத்தபிறகு தனியாகப் பாடியிருக்கிறாய். மொத்தத் திட்டும் நம் வீட்டு விலாசத்துக்கே வருகிறது. பெற்ற பெருமையில் ரேடியோ செட்டு ராமரைக் கூப்பிட்டு வாசலில் ஸ்பீக்கர் குழாய் கட்டச் சொன்னேன். என் அறிவு எட்டாம் வகுப்போடு நின்றது உனக்கே தெரியும். முதல் பாட்டு என்னவென்று கேட்டுப் பார்க்காமல் ஊருக்கே போட்டுவிட்டேன். ஜீப்பு கவிழ்ந்து செத்த உன் சித்தி சந்திரவல்லிக்காக அம்மா அழுத ஒப்பாரியை போனில் பிடித்துவைத்து, அதில்தான் நீ பாட்டையே ஆரம்பித்திருக்கிறாய். நம் வாசலில், குழாயில், உன் அம்மா அய்யம்மாள் குரலில் ஒப்பாரி கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? நான் போய்ச் சேர்ந்தேன் என்றுதான் நினைக்கும்.

மாலையோடு வந்தார்கள். "இருமிக்கிட்டே கெடந்தாரு, நல்ல சாவுதான்" என்று ஒருத்தி சொன்னது, உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. உன் மாமன் காசிமாயனுக்கு யாரோ போன் போட்டு, அவன் ராசிங்காபுரத்திலிருந்து அக்காளுக்குக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினான்.

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மச்சான்?"

"என்னன்னு மாப்ளே சொல்ல? இன்னும் சாகலன்னா?"

"கோடி எடுத்தா கடையில திருப்பி வாங்க மாட்டான்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரன் ஜக்கையனும் மாலையோடுதான் வந்தான். ஒப்பாரி முடிந்து உன் குரல் வந்தது. பத்துப் பேர் வண்டியில் இருபது பொம்பளைகளை அடைத்து மலையேற்றுகிறவன் எவன் என்று நீ கேட்கக் கேட்க, அவன் நின்று முழுசாகக் கேட்டான். மாலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் விடியலில் அம்மா தோட்டத்து வேலைக்குத் தூக்குவாளியோடு அவன் ஜீப்பில் ஏறினாள். "ஆளு கூடிப்போச்சுன்னு ஒங்க மகன்தான பாடுறாரு. எறங்கிக்கங்க மதினி" என்றானாம். இறக்கிவிட்டு அதே இடத்தில் எதிர்வீட்டு மகாராணியை ஏற்றிக்கொண்டான். அன்றிலிருந்து எந்த ஜீப்பும் அம்மாவுக்கு நிற்பதில்லை. காய் எடுக்கிற பருவத்தில் சோலி இல்லாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒப்பாரியே தேவலாம்.

அதனால் அந்த ஒரு பாட்டை மட்டும் வெரசா எடுத்துவிடு அப்பு. மற்ற பாட்டில் யாரை வேண்டுமானாலும் கேள். அவர்களெல்லாம் பெரிய இடம், நம் ஊரில் ஜீப்பு ஓட்ட மாட்டார்கள்.

தொண்டையும் தைரியமும் கெடாமல் நீ நீடூழி இருக்க வேண்டும். தைரியம் கொஞ்சம் குறைந்தாலும் சம்மதம்தான்.

இப்படிக்கு
உன் அப்பா
மொக்கச்சாமி

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது சேதி வந்தது. ஜக்கையன் ஜீப்பு போடிமெட்டு வளைவில் கவிழ்ந்துவிட்டது. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மகாராணி போய்விட்டாள். அழப்போன உன் அம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அந்தச் சாவு வீட்டு வாசலில் ராமர் உன் பாட்டைத்தான் போட்டுவைத்திருக்கிறான். எடுத்துவிடாதே.