பேச்சியம்மாள் நெய்யும் எட்டு ஜேர்சியும்

“…வீட்டுக்குள்ள என்னைய அப்படிக் கூப்பிடுறது பத்தலைன்னு, ஏழு பொம்பளைப் புள்ளைங்க நெஞ்சுலயும் முதுகுலயும் எழுதி ஊருக்கே காட்டுறீங்களாக்கும்!”

பதுளை மைதானத்தில், பெண்கள் வலைப்பந்தாட்டப் போட்டியின் இடைவேளையில், நெய்க்கடை முதலாளியைப் பார்த்து அவர் மனைவி பேச்சியம்மாள் கேட்ட கேள்வி இது. கேட்டது கணவரிடம். குற்றவாளி நான். அந்த நேரத்தில் நான் அவர்களுக்குப் பின்னால் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். (காலில் போட்டிருந்தது பாட்டா செருப்பு.)

தொண்ணூறுகளின் கடைசி. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மடுல்சீமைப் பக்கம் ஒரு தமிழ்க் கல்லூரியில் நான் தொண்டர் ஆசிரியை. கல்லூரி என்பது பெயர்ப் பலகையில் மட்டும்தான். மழை பெய்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் பாடத்தை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஆள் இல்லாத குறைக்கு அதிபர் என்னை விளையாட்டுப் பொறுப்பாசிரியை ஆக்கினார். எனக்கு வலைப்பந்து தெரியாது. பதுளையில் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு விதிப் புத்தகம் வாங்கி நானே படித்தேன், நானே சொல்லிக்கொடுத்தேன். அதில் கடைசிச் சில பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. கடைசிப் பக்கத்தில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். (இருந்தது.)

முந்தின வருடம் பிள்ளைகளை வெள்ளைச் சீருடையோடு போட்டிக்குக் கூட்டிப்போய், “டீம் ஜேர்சி இல்லாட்டி விளையாட ஏலாது மிஸ்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தோம். நாலு மணித்தியாலம் பஸ்ஸில் வாந்தி எடுத்து வந்த பிள்ளைகளை, பந்தைத் தொடக்கூட விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இந்த வருடம் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அணித் தலைவி ஜெசிந்தா வளையத்தைப் பார்க்காமலே பந்தைப் போடுவாள். மாகாணப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் விடுதியோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று பதுளையில் ஒரு பெரிய கல்லூரி சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து கொழுந்து பறிப்புதான். காலையில் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் அவளுடைய அப்பா பெயர் கொடுத்தாயிற்று.

கொழும்புப் பெரிய கல்லூரிகளுக்கு ஜேர்சி கொடுக்கக் கம்பனிக்காரர்கள் வரிசையில் நிற்பார்களாம். பத்திரிகையில் படம் போட்டிருந்தான். எங்கள் கல்லூரி விஷயத்தில் வரிசையில் நின்றது நான் ஒருத்திதான். பதுளைக் கடைவீதியில் ஏறாத படி இல்லை. மருந்துக் கடைக்காரர், “பொம்பளைப் புள்ளைங்களுக்கு என்னத்துக்குங்க பந்து?” என்றார். டயர் கடைக்காரர் அனுதாபப்பட்டு ஒரு கலண்டர் கொடுத்தார். எட்டுப் பேரின் மானத்தை ஒரு கலண்டரை வைத்து எப்படி மூடுவது?

கடைசியாக நெய்க்கடை முதலாளி. தோட்டத்துப் பால் வாங்கி, நெய் உருக்கி, மனைவி பெயரையே போட்டு விற்றுப் பெரிய ஆளானவர். ‘பேச்சியம்மாள் நெய்’ என்றால் பெரகல வரைக்கும் தெரியும்.

“பெரிய கல்லூரிக்கு மட்டும் கம்பனிக்காரன் சும்மாவா குடுக்கிறான்? நெஞ்சுல பேரு போட்டுல்ல குடுக்கிறான்! நம்மளும் அப்படியே செய்வோம் டீச்சர். ஆனா மூணு கண்டிசன்.”

“சொல்லுங்க முதலாளி.”

“ஒண்ணு, முன்னாலயும் பின்னாலயும் பேரு இருக்கணும். ரெண்டு, ஒரே வரி. மடக்கப்படாது. எங்க வீட்டுக்காரி பேரை மடக்கினா எனக்கு அன்னைக்குச் சோறு கிடையாது. மூணாவது, கோல் போட்டா புள்ளைங்க எல்லாம் சேந்து ‘நெய்!’யின்னு கத்தணும்.”

இப்போது யோசித்தால் ஆத்திரமாக வருகிறது. இதே மனிதர் கொழும்புக் கல்லூரி ஒன்றில் போய், கோல் போட்டதும் நெய் என்று கத்து என்று சொல்லியிருப்பாரா? தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் என்றால் கத்துவார்கள் என்ற தைரியம்தானே! ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? “ரெண்டு தடவை கத்தச் சொல்றேங்க முதலாளி” என்றேன். அவர் தலையை ஆட்டிய அழகில் எனக்கு நாட்டையே விற்றுவிட்ட பெருமை.

அச்சடிக்கிறவர் நல்ல மனிதர். “ரெண்டு வரியா, சின்னதா, மேலாப்பல போடுவோம் மிஸ். எழுத்து பார்வையா நிக்கும்” என்று கெஞ்சினார். “உங்களுக்கு வலைப்பந்து தெரியுமா, எனக்குத் தெரியுமா?” என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். ஜேர்சி வந்தது. மஞ்சள் நிறம். இந்த அக்குளிலிருந்து அந்த அக்குள் வரைக்கும், ஒரே வரியில், சிவப்பில்: பேச்சியம்மாள் நெய். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

போட்டி நாளன்று, மாற்று ஆளாக வைத்திருந்த எட்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல். அவளுடைய ஜேர்சி என் பையிலேயே இருந்தது. மற்ற ஏழு பேரும் மைதானத்தில் இறங்கப் போகும்போது நடுவர் அம்மா ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். யார் எந்த இடத்துக்காரி என்று காட்டும் எழுத்துத் துணி. கழுத்தில் மாட்டி, நெஞ்சையும் முதுகையும் மூடி, இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். ‘பிப்’ என்றார்கள். இது இல்லாமல் வலைப்பந்து ஆடவே முடியாதாம்! எங்கள் கல்லூரியில் பிப்பும் கிடையாது, என் விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கமும் கிடையாது. யார் எந்த இடம் என்று பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நான் நல்ல பிள்ளையாகக் கட்டிவிட்டேன். ஊதல் ஊதியாயிற்று.

முதல் கோலை ஜெசிந்தா போட்டாள். ஏழு பேரும் கையைத் தூக்கி, “நெய்! நெய்!” என்று கத்தினார்கள்.

கூட்டம் ஒரு கணம் முழித்தது. பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே குரலில் பதில் வந்தது: “பேய்! பேய்!”

என்ன திமிர் என்று கொதித்துப்போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் என் கண்ணுக்கும் தெரிந்தது. பிப் நடு எழுத்துகளை எல்லாம் விழுங்கிவிட்டிருந்தது. அந்தப் பக்கம் முதல் எழுத்து மிச்சம்: ‘பே’. இந்தப் பக்கம் கடைசி எழுத்து மிச்சம்: ‘ய்’. ஏழு பிள்ளைகள், முன்னும் பின்னும், பதினாலு பேய்.

ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் அதுதான் அணியின் பெயர் என்றே நினைத்துவிட்டார் பாவம். “பேய் பந்தை எடுக்கிறது… இன்னொரு பேய்க்குக் கொடுக்கிறது… மொனராகலைப் பிள்ளைகள் பேயைத் தடுக்கப் பார்க்கிறார்கள்…” நெய் என்று இவர்கள் கத்த, பேய் என்று ஊர் கத்த, மைதானம் கோயில் திருவிழாபோல் ஆகிவிட்டது. முதல் வரிசை நாற்காலியில் பட்டுச் சேலையோடு, தன் பெயரைப் பார்க்கவென்றே வந்திருந்த பேச்சியம்மாள் எழுந்து நின்றதை நான் கடைக்கண்ணால் பார்த்தேன்.

இடைவேளையில்தான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வி வந்தது.

“சத்தியமா நான் நெய்யின்னுதான் பேச்சி எழுதச் சொன்னேன்!” என்ற முதலாளி என் பக்கம் பாய்ந்தார். “டீச்சர்! ஒண்ணு அந்தத் துணிய அவுருங்க, இல்லாட்டி என் ஜேர்சியக் கழட்டித் தாங்க! இப்பவே!”

“பிப்பை அவிழ்த்தால் அணி வெளியே” என்றார் நடுவர் அம்மா. ஜேர்சியைக் கழற்றினாலும் வெளியேதான். எங்களுக்கு வேறு உடுப்பு இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதலாளி மேல், நடுவர் மேல், பிப் கண்டுபிடித்தவன் மேல், கடைசிப் பக்கத்தைக் கிழித்தவன் மேல். என் மேல் வர வேண்டியது மட்டும் வரவில்லை. ஜெசிந்தாதான் முன்னால் வந்தாள்.

“அம்மா, போன வருஷம் கேட்டோடயே தொரத்திட்டாங்கம்மா. உங்க பேரு முழுசா இருக்கு. பாருங்க” என்று பிப்பைத் தூக்கிக் காட்டினாள்.

பேச்சியம்மாள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “டீச்சரா?” நான் தலையாட்டினேன். “நான்தாங்க ஒரே வரியில அடிக்கச் சொன்னேன். பிப் இருக்குன்னே தெரியாதுங்க.”

“அப்ப இது அறியாமப் பண்ணினது,” என்றவர் கணவரிடம் திரும்பினார். “வீட்டுல தெனமும் கூப்பிடுறீங்களே, அது?”

முதலாளியிடம் அதை மூட எந்தப் பிப்பும் இல்லை.

மிச்ச ஆட்டத்தை ஜெயித்தோம் என்பதையும், ஜெசிந்தா பதுளை விடுதிக்குப் போனாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் இப்போது இன்னொரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. ஜேர்சி அடிக்கக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் பண்ணி, “பிப் வச்சுப் பார்த்துட்டேன் டீச்சர்” என்பாள். எங்கள் வீட்டிலோ, கல்யாணப் பந்தியில் பருப்புக்கு நெய் வரும்போதெல்லாம் என் கணவர் சத்தமாகச் சொல்வார்: “டீச்சருக்கு இன்னும் ஒரு கரண்டி பேய் ஊத்துங்க.” இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். சிரிப்பு வராதது எனக்கு மட்டும்தான்.

ஆனால் அன்றைக்கு, ஊதல் மறுபடி ஊதப்போகும் அந்த நேரத்தில், பேச்சியம்மாள் என் பக்கம் கையை நீட்டினார். “பையில மஞ்சளா என்ன அது?”

“எட்டாவது ஜேர்சிங்க.”

“குடுங்க. இதுக்கு மேல அந்தத் துணி போடணுமா?”

“வெளிய உக்காந்திருக்கிறவங்களுக்குத் தேவையில்லைங்க.”

வாங்கி, பட்டுச் சேலைக்கு மேலேயே தலைவழியாக மாட்டி இழுத்துவிட்டார். அந்த உடம்பில் எழுத்துகள் இன்னும் கொஞ்சம் அகலமாகி, ஒன்றுகூடக் குறையாமல் நின்றன. பிறகு நேராகப் போய்க் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்:

“பேயாட்டம் ஆடுங்கடி!”