ஜோகூர்ப் பல்லும் சுங்கை ரோட்டுக் கிரைண்டரும்

சிலருக்குத் தெருப்பூனையைக் கண்டால் மனம் இளகும். எனக்குத் துருப்பிடித்த இரும்பைக் கண்டால் இளகும். யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட சாமான் ஒன்று ஓரமாகக் கிடந்தால் போதும், "என்னையும் ஒரு ஆளா மதிச்சுத் துடைச்சு வைக்கக் கூடாதா?" என்று என்னிடம் மட்டும் அது கேட்பதுபோல் இருக்கும். இது ஒரு வியாதி என்று அம்மா சொல்வார். மருந்து கிடையாது என்று அப்பா சேர்த்துக்கொள்வார்.

கல்யாணத்துக்கு முன்பு, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், என் கட்டிலுக்கு அடியில் பிடி இல்லாத ரம்பங்கள், சுற்றாத டேபிள் ஃபேன், கையால் சுற்றித் துளைபோடும் கருவி, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிக்கொத்து எல்லாம் குடியிருந்தன. (சாவிக்கொத்தை எதுக்கு வாங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது.) "மத்தவங்க வீட்ல பொண்ணு கட்டிலுக்கு அடியில செருப்புப் பெட்டி இருக்கும். எங்க வீட்ல பட்டறையே இருக்கு," என்று அம்மா சித்தியிடம் ஃபோனில் புலம்புவார். நான் கேட்காததுபோல் உப்புத்தாளால் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது சுங்கை ரோட்டில் பழைய பொருள் சந்தை இருந்தது. சனிக்கிழமை பிற்பகலில், தேக்காச் சந்தையில் மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி அங்கே போய் நிற்பேன். வெயிலில் தார்ப்பாய் விரித்து, நின்றுபோன கைக்கடிகாரங்களையும் ஒற்றைச் செருப்புகளையும் சுழற்றும் தொலைபேசிகளையும் பரப்பிவைத்திருப்பார்கள். மீன் வாங்க மறந்து வீடு திரும்பிய சனிக்கிழமைகள் நிறைய. இப்போது பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது தலை தானாகத் திரும்பும். "அங்க என்னம்மா இருக்கு?" என்பாள் என் மகள். ஒன்றுமில்லை என்பேன். உண்மையிலேயே இப்போது அங்கே ஒன்றுமில்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் மனசு என்னவோ செய்யும்.

சரி, கதைக்கு வருகிறேன். தெம்பனிஸில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சுதன் என்று ஒருவன் இருந்தான். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் எழுத்தர் வேலை பார்த்த குடும்பம். நாங்கள் காதலித்தோம். அவன் வீட்டில் சொன்னான். அவனுடைய அப்பா, வீட்டில் இருக்கும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொள்ளும் ஓய்வுபெற்ற கணக்கர், மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "பாப்பம்," என்றார். அந்த ஒரு சொல்லில் எங்கள் காதல் ஒன்றரை வருஷம் அப்படியே நின்றது. இதற்கிடையே ஆஸ்திரேலியாவில் இருந்த அத்தை ஒருவர் சுதனுக்கு ஒரு டாக்டர் பெண்ணின் படத்தை அனுப்பிவிட்டார். (அழகாத்தான் இருந்தா. அதுதான் கொடுமை.)

கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாற எங்கள் வீட்டுக்கு வர, நான் அங்கிள் என்று கூப்பிடும் சுதனின் அப்பா சம்மதித்தார். அன்று அவர் மனம் நிறைந்தால் கல்யாணம். இல்லையென்றால் ஆஸ்திரேலியா.

"அப்பாவுக்குக் கல்லுல அரைச்ச மாவு இட்லி இருந்தாப் போதும் லா," என்றான் சுதன். "மிக்சி மாவுன்னா முதல் வாய்லயே கண்டுபிடிச்சிருவார்."

புத்தியுள்ள பெண் என்ன செய்திருப்பாள்? தேக்கா பக்கம் போய் நல்ல மாவாக ஒரு பாக்கெட் வாங்கியிருப்பாள். அம்மாவும் அதைத்தான் சொன்னார். நானோ சுங்கை ரோட்டுக்குப் போனேன். போன இடத்தில், மூடிவிட்ட ஏதோ சாப்பாட்டுக் கடையின் கிரைண்டர், பச்சைப் பெயின்ட் உரிந்து, மழையில் நனைந்து, எனக்காகவே காத்திருந்தது. விற்ற சீன முதியவரிடம், இது ஓடுமா என்று கேட்டேன். "கேன் லா," ஆகும் என்றார். கல் நன்றாக இருக்கிறதா என்றேன். "கேன் லா." மோட்டார் இருக்கிறதா என்றேன். அதற்கும் "கேன் லா"தான். பதில் சொல்லும் முறையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்பாவின் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஏற்றித் துணியால் மூடி ரயிலுக்குக் கொண்டுபோனேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஒரு மூதாட்டி குழந்தை என்று நினைத்துக் கொஞ்சுவதற்காகத் துணியை விலக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்து வந்த நாள்களில் அலுவலகம் விட்டதும் நேராக வீட்டுக்கு ஓடிவந்தேன். துருவை வினிகரில் ஊறவைத்துச் சுரண்டினேன். ஜாலான் புசார் கடை ஒன்றில் அதற்கேற்ற பெல்ட்டைத் தேடிப்பிடித்தேன். மோட்டாரின் கெப்பாசிட்டரை மாற்றினேன். தீயணைப்பு வண்டிபோல் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். சுவிட்சைப் போட்ட அன்று அது முதலில் இருமியது, பிறகு உறுமியது, பிறகு மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "சுத்துதுடி!" என்றார். அப்பா அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாங்கள் மூவரும் சமையலறையில் நின்று ஒரு வெறும் தொட்டி சுற்றுவதை டிவி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்த வேறு மாலைப்பொழுதுகள் எனக்கு அதிகம் ஞாபகமில்லை.

அரிசியைப் போட்டதும்தான் விஷயம் தெரிந்தது. எவ்வளவு நேரம் சுற்றினாலும் அரிசி அரிசியாகவே வந்தது. கல் தேய்ந்து கண்ணாடிபோல் வழவழப்பாகியிருந்தது. அம்மிக்குக் கொத்துவதுபோல் இதற்கும் கொத்த வேண்டும். ஈசூனில் அம்மி கொத்துகிறவருக்கு எங்கே போவது? கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். உளி வாங்கினேன். (டிகிரி வாங்கினப்போகூட இவ்வளவு நம்பிக்கை இல்ல.)

வீட்டுக்குள் இரண்டு தட்டு தட்டியதுமே கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்து, வீட்டை இடிக்கிறீர்களா என்று விசாரித்தார். அதனால் கல் பதித்த தொட்டியையும் குழவியையும் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே கொண்டுபோய், முதியவர்கள் சதுரங்கம் ஆடும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தினேன். அவர்களில் ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கல்லறைக்குக் கல் செய்கிறாயா என்று ஆங்கிலத்தில் கனிவோடு கேட்டார். இல்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கு இட்லி செய்கிறேன் என்றேன். அவர் உடனே ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

வீடியோவில் ஒன்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். புதிதாகக் கொத்திய கல்லில் முதலில் உமியைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். அப்போதுதான் கொத்தின பள்ளங்களில் ஒட்டியிருக்கும் பொடிக் கற்கள் உமியோடு போகும். லிட்டில் இந்தியாவில் கடை கடையாக உமி கேட்டேன். "உமியா? உமியை எடுத்துட்டுத்தாம்மா இங்க அனுப்புறான்," என்றார் ஒரு கடைக்காரர். எங்கள் வீட்டுக்கு அருகே செல்லப்பிராணிக் கடையில் வெள்ளெலிக்குப் போடும் மரச்சீவல் கிடைத்தது. அதைக் கையில் எடுத்து யோசித்தேன். நல்லவேளையாக வைத்துவிட்டேன். கடைசியில் பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். தூள் போய்விட்டது. பொடிக் கற்கள் மட்டும் பள்ளங்களுக்குள் பதுங்கி, உளுந்து வரட்டும் என்று காத்திருந்தன. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அது என் கிரைண்டர் இல்லையே.

மாவு அற்புதமாகப் பொங்கியது. ஞாயிறு காலை இட்லி பூப்போல் வெந்திருந்தது. சுதன், அங்கிள், சுதனின் அம்மாவான ஆன்ட்டி மூவரும் வந்து மேசையில் உட்கார்ந்தார்கள். ஆன்ட்டி சாம்பாரின் வாசனையைப் பாராட்டினார். அங்கிள் சட்டைக் கையைக் கவனமாக மடித்துவிட்டு முதல் வாயை எடுத்து வைத்தார்.

நறுக்.

அவர் முகம் மாறவில்லை. மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். அடுத்து ஆன்ட்டியின் வாயிலிருந்து அதே சத்தம். பிறகு என் அப்பா. பிறகு அம்மா. கொஞ்ச நேரத்தில் மேசையைச் சுற்றிலும் சரளைக்கல்லில் செருப்புப் போட்டு நடப்பதுபோல் சத்தம். விருந்துக்குப் போன இடத்தில் குறை சொல்ல மாட்டார்கள், விருந்து வைத்தவர்கள் தாங்களாகக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். சுதன் மட்டும் மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

மௌனத்தைக் கலைக்க நினைத்த அப்பா, "எங்க பொண்ணே கல்லுல அரைச்சதுங்க," என்றார்.

"ஓம்," என்றார் அங்கிள். "தெரியுது."

அடுத்த வாயில் 'டக்' என்று வேறு மாதிரி ஒரு சத்தம். அங்கிள் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனார்.

"என்னப்பா? பல்லே?" என்றார் ஆன்ட்டி.

"ஒண்டுமில்லை."

"காட்டுங்கோ பாப்பம்." அவர் வாயை எட்டிப் பார்த்தவரின் முகம் பிரகாசமானது. "ஜோகூர்ப் பல்லு! நான் அப்பவே சொன்னனான். இஞ்சயே கட்டுங்கோ எண்டு. கேட்டியளே? மலிவெண்டு பாலம் தாண்டி மலேசியாவுக்கு ஓடினீங்கள். இப்பப் பாருங்கோ, இட்லி கடிச்சுக் கழருது. இட்லி!"

அங்கிள் மாட்டிக்கொண்டார். இட்லியில் கல் இருந்தது என்றால் சம்பந்தம் பேச வந்த வீட்டை அவமதித்ததாகும். கல் இல்லை என்றால் பல் மோசமான பல்லாகிவிடும், மனைவி சொன்னது சரியாகிவிடும். அவர் திட்டைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். கைக்குட்டையில் பல்லின்மேல் கட்டிய மூடியோடு சாம்பல் நிறத்தில் ஒரு கல்துண்டும் இருந்தது எனக்குத் தெரிந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் அவர் மெல்ல மடித்து மறைத்துவிட்டார்.

எங்களுக்காகத்தான் மறைத்தார். ஒன்றரை வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த மனிதர், நான் செய்த கோளாறுக்குத் தன் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் அதற்குமேல் அந்த இட்லி எனக்கு இறங்கவில்லை.

"ஆன்ட்டி, அங்கிள் பல்லு மேல தப்பே இல்ல," என்றேன். "இட்லியிலதான் கல்லு. கிரைண்டர் கல்லை நானே கொத்தினேன். கொத்திட்டுச் சரியா சுத்தம் பண்ணல. அங்கிளோட பல்லு நல்ல பல்லு."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்பா தட்டையே பார்த்தார். சுதன், இனி மென்றாலும் பரவாயில்லை என்பதுபோல் மெல்ல ஆரம்பித்தான். அங்கிள் கைக்குட்டையை மெதுவாகப் பிரித்தார். கல்துண்டை எடுத்து, ஆன்ட்டியின் தட்டு ஓரத்தில் வைத்தார்.

"கேட்டீரே?" என்றார். "பல்லு நல்ல பல்லு." அவர் சிரித்து அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நடுவில் ஓர் இடைவெளியோடு.

"நல்ல பல்லெண்டால் கல்லைக் கடிச்சும் நிண்டிருக்கும்," என்றார் ஆன்ட்டி.

"சும்மா இரும். கல்லைக் கடிச்சால் ஆரின்ர பல்லும்தான் போகும்."

அப்பா கீழே காப்பிக் கடைக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் பிராட்டா என்று இங்கே சொல்லும் பரோட்டா வாங்கிவந்தார். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பல்லைப் பற்றிய வழக்கு ஓயவில்லை. வாசலில் சப்பாத்துக்குள் காலை நுழைக்கும்போது அங்கிள் அப்பாவிடம், "நல்ல நாளாப் பாப்பம்," என்றார். சுதன் என் கையைப் பிடித்த பிடியில்தான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. அன்று சாயங்காலமே அம்மா பழைய அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டி, கல்லைச் சுத்தமாக்கினார். உமி வேண்டவே வேண்டாமாம்.

கல்யாணமானது. அங்கிள் மாமாவானார், ஆன்ட்டி மாமியானார். போன பல்லை மறுபடியும் ஜோகூரிலேயே போய்க் கட்டிக்கொண்டார். அதன் பிறகு எந்த விசேஷமானாலும் மாமி "உங்கட ஜோகூர்ப் பல்லு" என்று ஆரம்பிப்பார். மாமா உடனே, "என்ர மருமகள் சாட்சி. அவளிட்டக் கேளுங்கோ," என்று கூட்டத்தில் என்னைத் தேடுவார். நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாப்பாடு.

மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் மாமி இப்போது நாங்கள் இருக்கும் பூன் லே வீட்டுக்கு வந்திருந்தார். சிவப்புக் கிரைண்டரில் அரைத்த மாவில் இட்லி ஊற்றியிருந்தேன். என் மகள் கதையை மறுபடியும் கேட்டுவிட்டு, "அப்பம்மா, அப்பப்பாவோட பல்லு உண்மையிலேயே மோசமான பல்லா?" என்றாள்.

"இல்லை குஞ்சு. நல்ல பல்லுதான். எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் எப்பவும் திட்டினீங்க?"

மாமி அவளை அருகே இழுத்துக்கொண்டார். "உன்ர அப்பப்பா கதைக்கிற ஆள் இல்லை. வேற எதைச் சொன்னாலும் வாய் திறக்க மாட்டார். அந்தப் பல்லைச் சொன்னால்தான் என்னோட திருப்பிக் கதைப்பார்."

சமையலறைக்குப் போய் அடுத்த ஈடு இட்லியை எடுத்துவந்தேன். மாமி ஒன்றை எடுத்து, எங்கள் இரண்டு குடும்பங்களிலும் எல்லோரும் இன்றுவரை செய்வதுபோல், முதல் வாயை மட்டும் மெதுவாகக் கடித்துப் பார்த்தார்.