நீச்சல் மாஸ்டருக்கு அரை மணிக்கொரு போன்

அநியாயம் நடந்தது மனைவிக்கு. கணவர் பக்கம் வக்காலத்து வாங்க வருகிறவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிடணும்" என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் உபதேசம். மனைவியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவள். மூன்று வருஷமாக "ஒரே ஒரு சொட்டுக் கொடுங்க" என்று கெஞ்சினாள். "எனக்கென்ன? கல்லைத் தின்னாலும் கரையும்!" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் சாப்பாட்டு மேசைக்கு நீச்சல் மாஸ்டர் வந்தார். ஆளாக அல்ல, போனில்.

"மாஸ்டர், சாப்பிட்டு அரை மணி ஆச்சா? விரலைக் குத்திட்டீங்களா? நூத்திப் பத்தா? அருமை!"

கணவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

"அவன் சாப்பிட்டா உனக்கென்ன?"

"எங்க சோதனைக்கு வர்றவருங்க. மீன் குருத்தெலும்புல இருந்து எடுத்த பொடியைச் சாப்பாட்டோட குடிச்சா, குடல் சர்க்கரையை மெதுவா உறிஞ்சுதான்னு பாக்குறோம்."

"நான் சாப்பிட்டேனான்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?"

"எதிர்ல உக்காந்து மூணாவது தடவை போட்டுக்கிறீங்களே, அதை வேற கேக்கணுமா?"

அரை மணிக்கொரு போன். போனுக்கொரு 'அருமை'. கணவருக்கு வயிறு எரிந்தது. கல்லைக் கரைக்கிற வயிறுதான், இதை மட்டும் கரைக்கவில்லை.

மறுநாள் ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா. 'மீன் குருத்தெலும்புப் பொடி' என்று கொட்டை எழுத்து. பக்கத்திலேயே அலமாரியில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி. மாஸ்டர் பெருமையெல்லாம் இந்தப் பொடியால்தானே? கணவர் தினம் இரண்டு கரண்டி கலக்கிக் குடித்தார். அரை மணிக்கொரு தடவை குத்தினார். குத்திக் குத்தி விரலெல்லாம் சல்லடை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்.

ஏழாம் நாள் நோட்டை மனைவி முன்னால் வீசினார்.

"பாரு! உன் மாஸ்டர் நூத்திப் பத்து. நான் இருநூத்தி எழுபது! நூத்தி அறுபது அதிகம்!"

பரீட்சை மார்க் என்று நினைத்துவிட்டார் மனுஷர்.

மனைவி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. உடனே டாக்டருக்குப் போன் போட்டு, மறுநாள் காலைக்கு நேரம் வாங்கினாள்.

"எதுக்குடி டாக்டர்? உன் பொடியைத்தானே குடிச்சேன்?"

"அது வறுத்த கோதுமை மாவுங்க. ஆய்வுக்கூடத்துச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவர யாரு விடுவா?"

"அப்ப பேரெழுதி ஏன் வெச்ச?"

"கெஞ்சினா ஒரு சொட்டு வரலை. பொறாமையில ஒரு நோட்டு நிறைய வந்துடுச்சே!"

கணவர் சல்லடை விரல்களைப் பார்த்தார். ஏமாந்தது கூட அவருக்கு உறைக்கவில்லை. வேறொன்றுதான் அறுத்தது.

"அதெல்லாம் கிடக்கட்டும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. இனிமே அரை மணிக்கொரு தடவை யாருக்குப் போன் பண்ணுவே? அவனுக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தாங்க. அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லையே!"