பத்தொன்பதார் சொல்ல மறுத்த சொல்

மொன்றியல் நகரத்தில் தமிழை மிக அதிக தூரம் வீசி எறிந்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பத்தொன்பதாரைக் காட்டுவேன். மேடையேறி முழங்கியவர்களின் தமிழ் மண்டபத்தின் கடைசி வரிசையோடு சரி. பத்தொன்பதாரின் தமிழ், நல்ல நாளில், ஒன்ராறியோ எல்லையைத் தொட்டுவிட்டு வரும். அப்படித்தான் அவர் சொன்னார். அளந்து பார்க்க எனக்கு வசதியில்லை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். லாசாலில் எங்கள் தொடர்மாடியில் அது யாருக்கும் தெரியாது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஊரே கைத்தொலைபேசி வாங்கிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் தன் துருப்பிடித்த பிக்கப்பில் சீ.பீ. றேடியோ பூட்டினார். நெடுஞ்சாலையில் ட்ரக் ஓட்டிகள் தங்களுக்குள் கதைக்கும் பெட்டி அது. அவர்கள் கூடுகிற இடம் பத்தொன்பதாவது சனல். அங்கேயே குடியிருந்ததால் இவர் பத்தொன்பதார் ஆனார். குளிர்காலத்தில் பனி வழிப்பார், கோடையில் புல் வெட்டுவார், மற்ற நேரமெல்லாம் கதைப்பார்.

கதைப்பதுதான் வினையாகப் போனது. தன் சொந்தத் தம்பியின் கலியாண வரவேற்பில், "ரெண்டே ரெண்டு சொல்லு" என்று ஒலிவாங்கியை வாங்கினார். மாப்பிள்ளை தவழ்ந்த கதையில் தொடங்கி, அவனுக்குப் பல் விழுந்த கதைக்கு வந்தபோது சோறு ஆறிவிட்டது. மண்டபக்காரர் பின்பக்கம் கதிரை அடுக்கத் தொடங்கிவிட்டார். தம்பி எழுந்து, சிரித்துக்கொண்டே, "அண்ணை, இது கொஞ்சம் ஓவர்" என்றான். முந்நூறு பேர் சிரித்தார்கள். பத்தொன்பதார் ஒலிவாங்கியைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார், திரும்பி வரவில்லை. குடும்பப் படம் எடுத்தபோது மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவரும் இல்லை. இந்த நாட்டில் அவனுக்கு இருந்த ஒரே உறவு அவர்தான்.

அதன் பிறகு தம்பி அவரோடு கதைப்பதை விட்டான். இரண்டு வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

"போன் எடுத்தா என்ர குரலைக் கேட்டவுடனை வைக்கிறான், மாஸ்ரர்," என்றார் என்னிடம். ஊரில் நான் கொஞ்சக் காலம் படிப்பித்திருந்தேன், அதனால் மாஸ்ரர். "அவன்ர ட்ரக்கில றேடியோ எந்த நேரமும் திறந்துதான் கிடக்கும். அதைப் பட்டெண்டு வைக்கேலாதெல்லோ!"

தம்பி ரொறன்ரோவுக்குச் சாமான் ஏற்றிப் போய் வருகிற பெரிய ட்ரக் ஓட்டினான். திட்டம் விளங்கியது. பெட்டியைப் பூட்டுவதற்கு நான் ஏன் வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

"நீர் ஃபிசிக்ஸ் படிப்பிச்சனீரெல்லோ?"

"நான் படிப்பிச்சது சரித்திரம், அண்ணை."

"ஏதோ படிப்பிச்சனீர்தானே. இந்த வயரைப் பிடியும்."

பிடித்தேன். பற்றறியிலிருந்து வயர் இழுக்க ஓட்டை போட்டார். அது கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயிலும் ஓட்டையாகி என் சப்பாத்து நனைந்தது. அடுத்தது அன்ரனா. அதன் நீளம் சரியா என்று பார்க்க ஒரு சின்ன மீற்றர் உண்டு. ஊசி சிவப்புக்குப் போனால் நீளம் பிழை. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நின்று அளந்தார். ஊசி சிவப்பு. ஒரு விரற்கடை வெட்டினார். சிவப்பு. இன்னொரு விரற்கடை. பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் அன்ரனா பல்துலக்கி அளவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் நான் விளக்கத் தாளை வாசித்தேன். கட்டடங்களுக்குத் தள்ளி, வெட்டவெளியில், கதவுகளைச் சாத்திக்கொண்டு அளக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"உதை முதலே வாசிச்சிருக்கலாமெல்லோ? படிச்ச மனுசன்!" என்று என்னைத்தான் பேசினார்.

இரண்டாவது அன்ரனாவை, ஆளில்லாத ஒரு பெரிய தரிப்பிடத்தில் வைத்து, மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்தோம். ஊசி பச்சையில் வந்து நின்றபோது மனிதர் மீற்றரைக் கொஞ்சினார். உண்மையாகவே கொஞ்சினார்.

இனிக் கதைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். றேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்க முடியாது. பொத்தானை அமத்திக் கதைத்து, முடிந்ததும் 'ஓவர்' என்று சொல்லிக் கையை எடுத்தால்தான் மற்றவர் கதைக்கலாம். இதை நான் எடுத்துச் சொன்னேன். மனிதரின் முகம் கறுத்தது.

"அந்தச் சொல்லு என்ர வாயில வராது, மாஸ்ரர்."

வரவேயில்லை. அதற்குப் பதிலாக ஒரு சொல்லைத் தானே கண்டுபிடித்தார். பொத்தானிலிருந்து கையை எடுப்பதால், 'விட்டிட்டன்.' சனிக்கிழமைப் பின்னேரங்களில் கர்க்லாண்டில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கடையின் தரிப்பிடத்தில் பிக்கப்பை நிறுத்திக்கொண்டு, தம்பி திரும்பி வருகிற நேரம் பார்த்துத் தொடங்குவார். "தம்பி, தம்பி, அண்ணை கதைக்கிறன். கேக்குதோ? விட்டிட்டன்."

தம்பியைத் தவிர எல்லோருக்கும் கேட்டது. கியூபெக் ட்ரக்காரர்கள் 'தம்பி' என்பதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு, "போன்ஜூர், தம்பி!" என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். "நான் தம்பியில்லை, அண்ணை!" என்று இவர் கத்துவார். "மெர்சி, தம்பி!" என்று பதில் வரும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஏதாவது வயர் தளர்ந்திருந்ததோ, அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிகள் பலவீனமோ, அவருடைய குரல் போகக்கூடாத இடமெல்லாம் போனது. கலியாணத்துக்குப் பிறகு, தம்பியின் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு, அவர் ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குள் வருவதில்லை. வெளியே பிக்கப்பில் இருந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார். ஒரு ஞாயிறு, முதல்நாள் தம்பியின் ட்ரக்கைக் காணாததால், அவன் இன்னும் வழியில் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அமத்தினார். உள்ளே சாமியார் பிரசங்கத்துக்கு வாய் திறந்தார். ஒலிபெருக்கியில் பத்தொன்பதார் வந்தார்.

"தம்பி, உன்ர கலியாணத்தில நான் நாப்பது நிமிசம் கதைச்சது பிழைதான். சரியாச் சொன்னா முப்பத்தெட்டு. அதை விடு. படத்தில நிக்காமப் போனன் பார், அதுதான் என்னை நித்திரை கொள்ள விடேல்லை. விட்டிட்டன்."

சாமியார் கூரையைப் பார்த்தார். சனம் முதலில் சிரித்தது, பிறகு அடங்கிவிட்டது. எனக்கு மூன்று வரிசை முன்னால் தம்பி இருந்தான். இவர் கண்ணில் படாமல் முதல்நாளே வந்துவிட்டிருக்கிறான். அவனுடைய காதுகள் சிவந்திருந்தன. பூசை முடிந்ததும் பக்கக் கதவால் போய்விட்டான்.

நான் பிக்கப்புக்கு ஓடினேன். "அண்ணை, உங்கட கதை முழுக்கக் கோயிலுக்குள்ள கேட்டது. தம்பியும் உள்ளதான் இருந்தவர்."

"கேட்டவனோ?"

"ஓம்."

"என்ன சொன்னவன்?"

"பக்கக் கதவால போயிட்டார், அண்ணை."

அவர் ஒலிவாங்கியின் வயரைக் கவனமாகச் சுற்றிக் கொளுவினார்.

அடுத்த சனிக்கிழமை அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கர்க்லாண்டுக்குப் போனேன். அவர் பொத்தானைத் தொடவில்லை. பெட்டி தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. இரண்டு பிரெஞ்சுக் குரல்கள் வந்து போயின. பிறகு தமிழில் ஒன்று வந்தது.

"அண்ணை, தம்பி கதைக்கிறன். உங்களைத் தேடுது. ஓவர்."

எங்கள் ஊரில் ஒருவரைப் பிரிந்து மனம் ஏங்கினால் 'தேடுது' என்போம். அதற்குமேல் ஒரு சொல் எங்களிடம் இல்லை. ஆனால் மனிதர் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீரோ! இப்பவும் ஓவராம்! இதுக்குள்ளயும் எனக்கு ஓவராம்!"

"ஐயோ அண்ணை, இது அந்த ஓவர் இல்லை. நீங்கள் கதையுங்கோ எண்டு சொல்லுறார்!"

பெட்டி மறுபடியும் இரைந்தது. "அண்ணை, கேக்குதோ? நீங்கள் கதையுங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் கதையுங்கோ. ஓவர்."

பத்தொன்பதார் ஒலிவாங்கியை எடுத்தார். பொத்தானை அமத்தினார். முப்பத்தெட்டு நிமிடம் கதைத்த மனிதருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில், "தம்பி..." என்றார். மூக்கை உறிஞ்சினார். "ஓவர்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய ட்ரக் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி அந்தத் தரிப்பிடத்துக்குள் நுழைய முடியாமல் நுழைந்தது. மிச்சத்தை நான் பார்க்கவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பி மீற்றரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வருடம் அண்ணனும் தம்பியும் ஒரே ட்ரக்கை மாறி மாறி ஓட்டுவதென்று அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டார்கள். பாவம் தம்பி, வழி முழுக்கக் கேட்டிருப்பான். பெட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். என் காரில் அதைப் பூட்டியிருக்கிறேன், அன்ரனாவை விளக்கத் தாளை வாசித்துத்தான் சரிசெய்தேன். கர்க்லாண்டைத் தாண்டும்போதெல்லாம் பத்தொன்பதில் போட்டுக் கேட்கிறேன். இரைச்சல்தான் வருகிறது. அவ்வளவு தூரத்துக்கு அது போகாது என்று சரித்திரம் படிப்பித்தவனுக்கும் தெரியும்.

ஆனால் நான் இதை எழுதுகிற பத்திரிகை போகும். தம்பி வீட்டுக்கு இது தபாலில் போகிறது, பத்தொன்பதார் விளம்பரம் வரை வாசிக்கிற ஆள். அதனால் இங்கேயே பொத்தானை அமத்துகிறேன்.

அண்ணை, மாஸ்ரர் கதைக்கிறன். உங்களைத் தேடுது. ஓவர்.