புளி போட்டு விளக்கிய ஜாய்ஸ்டிக்

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் என் மாமியார் வீட்டில்தான் இருந்தார்கள். (இப்போது ஒருவரும் இல்லை. பொறுப்பு முழுக்க என்னுடையது.)

கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்கு வந்த புதிது. கணவருக்கு ஓசூரில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலெல்லாம் நானும் அத்தையும் நாத்தனார் செல்வியும்தான். செல்வி கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். என்னிடம் பேசுவது "சாப்பிட்டீங்களா அண்ணி" மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கையடக்க வீடியோ கேமில் கார் ஓட்டுவாள். அவளை எப்படியாவது தோழியாக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அந்த வீட்டில் என் வயதுக்கு வேறு யார் இருந்தார்கள்?

ஒருநாள் அவளே வந்து நின்றாள்.

"அண்ணி, ஸ்டிக்கத் தொடாமயே காரு தானா லெப்ட்ல போவுதுங்க. ஞாயித்துக்கெழம பெங்களூரு பசங்களோட ஆன்லைன்ல ரேஸ் இருக்குது. நீங்க எலக்ட்ரானிக்ஸ்தான படிச்சீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "இதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம்" என்றேன். (பன்மையில் வேறு.)

ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே மூடியைக் கழற்றி, ஜாய்ஸ்டிக்கின் தலையிலிருந்த ரப்பர் குமிழைப் பிடுங்கினேன். உள்ளே குட்டித் தகடு ஒன்று கறுத்துப் போயிருந்தது. அழுக்கு சேர்ந்தால் குச்சி இப்படித்தான் ஏமாற்றும், கிளீனர் போட்டுத் துடையுங்கள் என்றது வீடியோ. கிளீனருக்கு எங்கே போவேன்? அப்போது புளி சீசன். மொட்டை மாடியில் சாக்கு விரித்து அத்தை கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு பளபளப்பதே அந்தப் புளியில்தான். பித்தளைக்கு ஒத்துக்கொள்வது இந்தத் தகட்டுக்கு ஒத்துக்கொள்ளாதா?

புளியைக் கரைத்தேன். கூடவே நான்கு வருடப் படிப்பையும் கரைத்தேன். பஞ்சில் தொட்டுத் தேய்த்ததும் தகடு மின்னியது. பெருமை தாங்காமல் குமிழையும் கழுவி, வெயிலில் காயட்டும் என்று சாக்கின் ஓரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினேன்.

திரும்பி வந்தபோது சாக்கு காலி. அத்தை உப்புப் போட்டுப் புளியைப் பானையில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இங்க கறுப்பா ஒரு குமிழ் இருந்துச்சே?"

"கண்ணாடி போடலியே சாமி. கொட்டைன்னு நெனச்சிருந்தா அந்தக் குமியல்ல கெடக்கும். புளின்னு நெனச்சிருந்தா பானைக்குள்ள போயிருக்கும். வருசத்துப் புளி, இனிமே கிளறக் கூடாது."

கொட்டைக் குவியல் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. ரேஸும் போச்சு, செல்வியும் இனி என்னிடம் பேசமாட்டாள் என்று நினைத்தேன். கேமைத் தேடி மாடிக்கு வந்த செல்வி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தேட ஆரம்பித்தாள். குமிழ் கிடைக்கவில்லை. கொழுத்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, "இது செட்டாவும் பாருங்க" என்றாள்.

பசை போட்டு ஒட்டினோம். அம்சமாக உட்கார்ந்தது. ஆன் செய்தால், கார் இடது பக்கம் போகவே இல்லை! நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் நிதானமாக வலது பக்கம் போய்ச் சுவரில் மோதியது.

செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டையை இடப்பக்கமாக இழுத்துப் பிடிக்க, அவள் பட்டன்களை அமுக்கினாள். கடைசியாக வந்தோம். அதற்குப் பிறகு நானில்லாமல் அவள் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

போன வருடம் செல்வியைப் பொம்மிடியில் கட்டிக்கொடுத்தோம். அத்தை அந்தப் பானைப் புளியில் பாதியைக் கொடுத்தனுப்பினார். கொஞ்ச நாளில் போன் வந்தது.

"அண்ணி, குமிழு கெடச்சிருச்சுங்க. ரசத்துல."

"யார் தட்டுல விழுந்துச்சு?"

"மாமனாரு தட்டுல. என்னம்மா இதுன்னாரு. எங்க அண்ணி இன்ஜினியருங்கன்னு சொன்னேன். ஓரமா எடுத்து வெச்சிட்டுச் சாப்பிட்டாருங்க."

குமிழை மாட்டிக்கொள்ளச் சொன்னேன். கொட்டையே போதும் என்றுவிட்டாள். இப்போது இரண்டு வீட்டிலும் மிக்ஸி நின்றாலும் ஃபேன் நின்றாலும் ஒரே பேச்சுதான்: "புளி இருக்குது, அண்ணியக் கூப்புடு."