மூன்றாம் மாடிக் கதவை முற்றுகையிட்ட படலம்

புதியோரை நெறிப்படுத்தும் பெருந்தகையே, வரவேற்புரை வள்ளலே, மருத்துவமனைப் பயிற்சி அதிகாரியே, வாழ்க! கைகழுவும் படிகள் ஆறினையும் தண்ணீர் வராத குழாயிலே விளக்கிக் காட்டியவரும், தீயணைக்கும் வித்தையைப் படம் போட்டே பதினேழாண்டு பயிற்றியவரும், சட்டைப் பையில் மூன்று பேனாக்களை முப்பெரும் வேல்களெனச் செருகியவருமாகிய அவர் புகழைப் பாடப் புகுந்தோம். கடல்கள் சற்றே இரைச்சலைக் குறைத்துக்கொள்க.

அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கிய உரையில் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்னும் அம்பை முப்பத்தொரு முறை எய்து, கேட்டோர் கண்ணிமைகளைச் சாய்த்துவிட்டு, எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் புதியவர் நால்வரோடு மூன்றாம் மாடி ஏறினார் நம் தலைவர். நால்வரில் ஒருத்தி நர்ஸ். எட்டு மணிக்கு வார்டுக்குள் நின்று, இரவெல்லாம் விழித்த நர்ஸிடமிருந்து பதினான்கு நோயாளிகளைப் பொறுப்பேற்க வேண்டியவள். முதல் நாளே தாமதமென்று தலைமை நர்ஸ் எழுதிவிட்டால், அது ஓய்வு பெறும்வரை கூடவே வரும்.

எதிரே நின்றது அட்டை காட்டினாலன்றித் திறவாக் கண்ணாடிக் கதவம். தலைவர் முழங்கினார்: "நல்லாப் பாத்துக்குங்க! இந்தக் கார்டு என் கையில இருக்கிறவரைக்கும் இந்தக் கட்டடத்துல திறக்காத கதவே கிடையாது!"

காட்டினார். சுவரிலிருந்த கருவி சினந்து சிவந்தது. துடைத்துக் காட்டினார்; சிவந்தது. ஊதியும், கவிழ்த்தும், கால்சட்டையில் சாணை தீட்டியும், கோட்டைக் கதவில் கொம்பொடிந்த களிறென நாலடி பின்வாங்கிப் பாய்ந்தும் காட்டினார். கருவியோ கடன் கேட்டவனைக் கண்ட மைத்துனன்போல் முகம் கொடுக்கவில்லை.

"சார், என் கார்டை வச்சுப் பாக்கட்டுமா?" என்றாள் நர்ஸ்.

"நேத்து அடிச்ச கார்டும்மா அது, சூடுகூட ஆறியிருக்காது. சீனியர் கார்டே யோசிக்குதுன்னா உன்னுது என்ன பண்ணும்?"

கண்ணாடிக்கு அப்பால், பொறுப்பை ஒப்படைக்காமல் நோயாளிகளை விட்டு நகரக்கூடாத இரவு நர்ஸ், தோளில் பையோடு, வார்டின் கோடியிலிருந்தே கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். தலைவர் அதை வணக்கமென்று கொண்டு கையசைத்து அருளினார்.

"சார், கொஞ்சம் நகருறீங்களா? ரெண்டு தடவை துடைச்சிட்டேன், நீங்க ஓடி ஓடி மிதிக்கிறீங்க," என்று, துடைப்பத்தோடு நின்ற துப்புரவு அக்கா போர்க்களத்தின் நடுவே புகுந்து இரந்தாள். வீரர்க்கு ஈரத்தரை ஒரு பொருட்டா? மீண்டும் பாய்ந்தார், பாதி தூரம் வழுக்கியே சென்றார்.

எட்டடிக்க ஒரு நிமிடம். நர்ஸ் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. தலைவரின் அக்குளுக்குக் கீழே கையை நீட்டித் தன் அட்டையை வைத்தாள். கருவி மரகதமெனப் பச்சை பூத்தது. கதவம் பணிந்து விலகிற்று. அவள் ஓடினாள், மற்ற மூவரும் நுழைந்தனர், வாளியும் துடைப்பமும்கூட நுழைந்தன. ஈரத்தரையில் காலூன்றித் தலைவர் நிமிர்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

"பாத்தீங்களா! இதைத்தான் காலையிலேர்ந்து சொல்லிக் கொடுத்தேன், தன்னம்பிக்கை!" என்று கண்ணாடிக்கு இப்பாலிருந்து, எண்டிசையும் அதிர, வெற்றி முரசறைந்தார் தலைவர்.

அவரே நடத்துகிற வருடாந்தரப் பயிற்சியை அவர் முடிக்கவில்லை என்று, அவருடைய கார்டை நேற்று சாயங்காலம் முடக்கியிருந்தார்கள்.